25 விழுக்காட்டில் அணைந்த கைப்பேசி

மாலை மணி 6. புறப்பாட நடவடிக்கை முடிந்து, படிவம் 3 மாணவி ஒருத்தி பள்ளிக்கு வெளியே உள்ள பேருந்து நிறுத்தத்தில் நிற்கிறாள். வானம் இருட்டிக்கொண்டு வருகிறது. அழைத்துச் செல்ல வரும் தந்தையிடம், "அப்பா, பின்வாசல் பக்கம் வாருங்கள்" என்று சொல்ல வேண்டும். கைப்பேசியை எடுத்துப் பார்க்கிறாள். 25 விழுக்காடு மின்சாரம் மீதம் இருப்பதாகத் திரையின் மூலை காட்டுகிறது. ஓர் அழைப்புக்கு அது தாராளமாகப் போதும். தந்தையின் எண்ணைத் தொடுகிறாள். மறுநொடியே திரை இருண்டுவிடுகிறது. எத்தனை முறை பொத்தானை அழுத்தியும் கைப்பேசி விழிக்கவில்லை.

அந்தக் கைப்பேசியின் மின்கலம் சென்ற வாரம்தான் கடையில் மாற்றப்பட்டது. பழைய மாதிரி என்பதால் அதே வகை மின்கலம் கிடைக்கவில்லை. அளவில் பொருந்திய வேறொன்றைக் கடைக்காரர் பொருத்திக் கொடுத்தார். அந்தப் புதிய மின்கலம் பழுதானது அன்று. தன்னிடம் இருந்த மின்சாரத்தை முழுமையாகக் கொடுத்துவிட்டது. கைப்பேசியும் பழுதாகவில்லை. அப்படியென்றால் அந்த 25 எங்கிருந்து வந்தது? மின்கலத்தைப் பற்றிய உண்மை, அதைத் தெரிந்துகொள்ள வேண்டிய மென்பொருளுக்குப் போய்ச் சேரவில்லை. அதனால்தான் திரையில் பொய்யான எண் தெரிந்தது.

மின்கலத்தின் இயல்புகளை அளந்து எழுதிய குறிப்புகளை அளவுத்திருத்தத் தரவு என்பர். அந்தத் தரவு கைப்பேசியின் மென்பொருளை எப்படிச் சென்றடைகிறது, சென்றடையாவிட்டால் என்ன நேரும் என்பதை இப்பகுதி விளக்குகிறது.

கண்ணுக்குத் தெரியாத கொள்ளளவு

கண்ணாடிக் குவளையில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பதைப் பார்த்தவுடன் சொல்லிவிடலாம். சமையலறையில் உள்ள எரிவாயுக் கலன் அப்படியன்று. அதனுள் இருப்பது திரவமாக்கப்பட்ட எரிவாயு. திரவம் ஓரளவு மீதம் இருக்கும்வரை கலனுக்குள் அழுத்தம் ஏறத்தாழ ஒரே நிலையில் இருக்கும். அடுப்பும் ஒரே சீராக எரியும். திரவம் தீர்ந்த பிறகுதான் அழுத்தம் சட்டென்று குறைந்து அடுப்பு அணையும். அதனால்தான், குழம்பு பாதி கொதிக்கும்போது எரிவாயு தீர்ந்துபோவது பல வீடுகளில் நடக்கிறது.

கைப்பேசியின் மின்கலமும் ஏறத்தாழ இப்படிப்பட்டதே. அதில் எவ்வளவு மின்சாரம் மீதம் இருக்கிறது என்பதை நேரடியாக அளந்து காட்டும் கருவி எதுவும் இல்லை. மின்னழுத்தம், மின்னோட்டம், வெப்பநிலை ஆகிய மூன்றை மட்டுமே நேரடியாக அளக்க முடியும். இந்த மூன்றையும் வைத்துக் கணக்குப் போட்டுத்தான் மீதம் உள்ள விழுக்காடு கண்டறியப்படுகிறது. ஆகவே, திரையில் தெரியும் விழுக்காடு நேரடி அளவு அன்று. அது ஒரு மதிப்பீடு. அந்த மதிப்பீட்டைப் பெற இரண்டு வழிகள் உள்ளன.

முதல் வழி: மின்னழுத்தத்தைப் பார்த்தல்

இன்றைய கைப்பேசிகளில் இருப்பது லித்தியம் அயனி மின்கலம். சோனி நிறுவனம் இதை 1991ஆம் ஆண்டில் முதன்முதலாக விற்பனைக்குக் கொண்டுவந்தது. இதன் உருவாக்கத்திற்கு அடித்தளம் அமைத்த ஜான் குட்இனஃப், ஸ்டான்லி விட்டிங்ஹாம், அகிரா யோஷினோ ஆகிய மூவருக்கும் 2019ஆம் ஆண்டில் வேதியியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

வழக்கமான ஒரு லித்தியம் அயனி மின்கலம் முழுமையாக நிரம்பியிருக்கும்போது சுமார் 4.2 வோல்ட் காட்டும். பாதி மின்சாரம் தீர்ந்த நிலையில் சுமார் 3.8 வோல்ட் காட்டும். ஐந்தில் ஒரு பங்கு மட்டும் மீதம் இருக்கும்போது சுமார் 3.7 வோல்ட் காட்டும். அதன் பிறகு மின்னழுத்தம் வேகமாகச் சரியும். இதைக் கவனித்தால் ஒரு சிக்கல் புலப்படும். 50 விழுக்காட்டிலிருந்து 20 விழுக்காட்டிற்கு இறங்கும்போது மின்னழுத்தம் 0.1 வோல்ட் மட்டுமே மாறுகிறது. இவ்வளவு சிறிய மாற்றத்தை வைத்து மீதத்தைச் சரியாகச் சொல்ல வேண்டுமானால், எந்த மின்னழுத்தத்திற்கு எந்த விழுக்காடு என்று காட்டும் நுட்பமான அட்டவணை வேண்டும். அந்த அட்டவணை எல்லா மின்கலங்களுக்கும் ஒன்றாக இருக்காது. மின்கலத்தில் பயன்படுத்தப்படும் வேதிப்பொருளுக்கு ஏற்ப அது மாறும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. கைப்பேசி இயங்கிக்கொண்டிருக்கும்போது மின்கலத்தின் மின்னழுத்தம் தற்காலிகமாகத் தாழ்ந்துவிடும். ஒவ்வொரு மின்கலத்திற்கும் உள்ளே சிறிதளவு மின்தடை இருப்பதே இதற்குக் காரணம். உள்தடை 0.15 ஓம், மின்னோட்டம் 1 ஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம். ஓம் விதிப்படி, இரண்டையும் பெருக்கினால் 0.15 வோல்ட் வரும். அதாவது, ஓய்வு நிலையில் 3.80 வோல்ட் காட்ட வேண்டிய மின்கலம், காணொளி ஓடும்போது 3.65 வோல்ட் மட்டுமே காட்டும். உள்தடையின் அளவை அறியாத மென்பொருள், 3.65ஐப் பார்த்து, மின்சாரம் தீரப்போகிறது என்று அலறும். உள்தடையை அறிந்த மென்பொருளோ குறைந்த 0.15 வோல்ட்டைத் திரும்பக் கூட்டி, இன்னும் பாதி இருக்கிறது என்று சரியாகச் சொல்லும்.

வெப்பநிலையும் இதில் குறுக்கிடுகிறது. குளிரில் உள்தடை கூடும். பனிக்காலத்தில் குளிர் நாடுகளில் சில கைப்பேசிகள் திடீரென்று அணைந்துபோவதற்கு இது ஒரு காரணம். எனவே, மின்கலத்தை முழுமையாக விவரிக்க ஓர் அட்டவணை போதாது. வெவ்வேறு வெப்பநிலைகளுக்கு வெவ்வேறு அட்டவணைகள் தேவை.

இரண்டாம் வழி: மின்சாரத்தை எண்ணுதல்

கடைக்காரர் ஒருவர் காலையில் கல்லாவில் எவ்வளவு பணம் இருந்தது என்பதைக் குறித்துக்கொள்கிறார். பிறகு வரவையும் செலவையும் ஒன்றுவிடாமல் எழுதிவந்தால், கல்லாவைத் திறந்து பார்க்காமலேயே மீதத்தைச் சொல்லிவிடுவார். இரண்டாம் வழியும் இத்தகைய கணக்கே.

1 ஆம்பியர் மின்னோட்டம் 1 நொடிக்குப் பாய்ந்தால், கடந்து செல்லும் மின்னூட்டம் 1 கூலும் ஆகும். பிரான்சு நாட்டு அறிவியலாளர் சார்ல்ஸ் அகஸ்டின் டி கூலும் அவர்களின் நினைவாக இந்த அலகுக்குப் பெயர் சூட்டப்பட்டது. 4,000 மில்லிஆம்பியர்-மணி என்று குறிக்கப்பட்ட மின்கலம் 14,400 கூலும் மின்னூட்டத்தைத் தரும். பல கைப்பேசிகளில் இதை எண்ணுவதற்கென்றே ஒரு சிறிய சில்லு இருக்கிறது. மின்கலத்தின் பாதையில் மிகச் சிறிய மின்தடை ஒன்று வைக்கப்பட்டிருக்கும். அதன் அளவு 0.01 ஓம் என்றால், 1 ஆம்பியர் பாயும்போது அதன் இரு முனைகளுக்கும் இடையே 0.01 வோல்ட் தோன்றும். அந்த நுண்ணிய மின்னழுத்தத்தை அளந்து, பாயும் மின்னோட்டத்தைச் சில்லு கணக்கிடுகிறது.

அளவு இவ்வளவு நுண்ணியதாக இருப்பதால் பிழையும் எளிதில் நுழைந்துவிடும். மின்னோட்டம் சிறிதும் இல்லாதபோதும் சில்லு 1 மில்லிஆம்பியர் என்று காட்டுவதாக வைத்துக்கொள்வோம். அற்பமான பிழைதான். ஆனால் ஒரு நாளில் அது 24 மில்லிஆம்பியர்-மணியாகும். ஒரு வாரத்தில் 168 ஆகும். 4,000 மில்லிஆம்பியர்-மணி மின்கலத்தில் இது 4 விழுக்காட்டிற்கும் மேல். சிறு துளி பெருவெள்ளம் என்பது பிழைக்கும் பொருந்தும். ஆகையால், மின்னோட்டமே இல்லாதபோது சில்லு என்ன காட்டுகிறது என்பதை முன்கூட்டியே அளந்து, அதை ஒவ்வோர் அளவிலிருந்தும் கழிக்க வேண்டும்.

எண்ணும் முறைக்கு மற்றொரு தேவையும் இருக்கிறது. எவ்வளவு செலவானது என்பதை மட்டும்தான் சில்லு எண்ணும். மொத்தம் எவ்வளவு இருந்தது என்பதை யாராவது அதற்குச் சொல்லியாக வேண்டும். காலையில் கல்லாவில் இருந்த தொகை தெரியாவிட்டால், கடைக்காரரின் கணக்கு எவ்வளவு நேர்த்தியாக இருந்தும் பயன் இல்லை.

நடுவில் நிற்கும் கெர்னல்

கைப்பேசியில் உள்ள செயலிகள் எதுவும் மின்கலத்தோடு நேரடியாகப் பேசுவதில்லை. திரை, படக்கருவி, நினைவகம், மின்கலம் ஆகிய எல்லா வன்பொருள்களுக்கும் செயலிகளுக்கும் இடையில் இயங்குதளத்தின் உட்கருவான கெர்னல் நிற்கிறது. ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் இருப்பது லினக்ஸ் கெர்னல். பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் பயின்ற லினஸ் டோர்வால்ட்ஸ், தமது 21ஆம் வயதில் இதை எழுதத் தொடங்கினார். லித்தியம் அயனி மின்கலம் கடைக்கு வந்த அதே 1991ஆம் ஆண்டில் இதை உலகுக்கு அறிவித்தார்.

கெர்னலுக்குள் ஒவ்வொரு வன்பொருளையும் கையாளுவதற்குத் தனித்தனி நிரல் உண்டு. அந்நிரல் இயக்கி எனப்படும். மின்கல இயக்கிக்கு அட்டவணையைப் பார்க்கத் தெரியும். உள்தடையைக் கணக்கில் சேர்க்கத் தெரியும். கூட்டவும் கழிக்கவும் தெரியும். ஆனால் எந்த மின்கலம் பொருத்தப்பட்டிருக்கிறது என்பது அதற்குத் தானாகத் தெரியாது. தையற்கலையில் கைதேர்ந்த தையல்காரரும் உடலளவு இல்லாமல் பொருத்தமான சட்டை தைக்க முடியாது அல்லவா? ஒரே லினக்ஸ் கெர்னல் எண்ணற்ற வகைக் கருவிகளில் இயங்குகிறது. ஒவ்வொரு மின்கலத்தின் அளவையும் நிரலுக்குள்ளேயே எழுதிவைத்தால், மின்கலம் மாறும்போதெல்லாம் நிரலையே திருத்த வேண்டிவரும். எனவே, தைக்கும் கலையை நிரலில் வைத்து, உடலளவைத் தனியாகக் கொடுப்பதே சிறந்த முறை. தனியாகக் கொடுக்கப்படும் அந்த உடலளவுதான் அளவுத்திருத்தத் தரவு.

தரவு வந்து சேரும் மூன்று வழிகள்

முதல் வழியில், மின்கலமே தன் தரவைச் சுமந்து வருகிறது. மடிக்கணினிகளில் இந்த முறையைக் காணலாம். மின்கலத் தொகுப்புக்குள்ளேயே ஒரு சில்லும் சிறிய நினைவகமும் இருக்கும். தன் கொள்ளளவு எவ்வளவு, இதுவரை எத்தனை முறை மின்னேற்றம் செய்யப்பட்டது என்பன போன்ற விவரங்களை அந்நினைவகம் வைத்திருக்கும். 1990களின் நடுப்பகுதியில் டியூராசெல், இன்டெல் ஆகிய நிறுவனங்கள் இத்தகைய அறிவார்ந்த மின்கலங்களுக்கான பொது விதிமுறையை வகுத்தன. பிறகு 1996ஆம் ஆண்டில் இன்டெல், மைக்ரோசாப்ட், தோஷிபா ஆகியவை ஏசிபிஐ என்னும் மின் மேலாண்மை விதிமுறையை வெளியிட்டன. மின்கலத்தைப் பற்றிய கேள்விகளைக் கெர்னல் எப்படிக் கேட்க வேண்டும், கணினி எந்த வடிவில் பதில் தர வேண்டும் என்பதை அது வரையறுக்கிறது. இந்த வழியில் மின்கலத்தை மாற்றினால் அதன் தரவும் கூடவே மாறிவிடும்.

இரண்டாம் வழியில், கருவியின் குறிப்பேட்டில் தரவு எழுதப்படுகிறது. கைப்பேசிகளிலும் சிறிய கணினிப் பலகைகளிலும் உள்ள பல மின்கலங்களுக்கு நினைவகம் கிடையாது. அத்தகைய கருவிகளுக்குச் சாதன மரம் என்னும் கோப்பு உதவுகிறது. கருவியில் எந்தெந்த உறுப்புகள் உள்ளன, அவை எங்கே இணைக்கப்பட்டுள்ளன என்பதைக் கிளை கிளையாக விவரிப்பதால் அதற்கு அந்தப் பெயர் வந்தது. கைப்பேசியை முடுக்கியவுடன், தொடக்க நிரல் இந்தக் கோப்பைக் கெர்னலிடம் ஒப்படைக்கிறது. அதில் மின்கலத்திற்கென்று ஒரு கிளை இருக்கலாம். வடிவமைக்கப்பட்ட கொள்ளளவு, மின்னேற்றத்தின்போது எட்டக்கூடிய உச்ச மின்னழுத்தம், உள்தடை, ஒவ்வொரு வெப்பநிலைக்குமான அட்டவணை ஆகியவை அந்தக் கிளையில் இடம்பெறும்.

அங்கே 4.185 வோல்ட் என்று எழுதுவதில்லை. 41,85,000 மைக்ரோவோல்ட் என்ற முழு எண்ணாகவே எழுதுவார்கள். கெர்னல் தசம எண்களைக் கையாளும் கணக்குகளைப் பெரும்பாலும் தவிர்ப்பதே இதற்குக் காரணம். முழு எண் கணக்கு அதற்கு எளிது. அட்டவணையில் இரண்டு வரிகளுக்கு இடைப்பட்ட அளவு வந்தால், கெர்னல் விகிதம் பார்த்து விடை காணும். எடுத்துக்காட்டாக, 4.185 வோல்ட்டுக்கு 100 விழுக்காடு, 4.113 வோல்ட்டுக்கு 95 விழுக்காடு என்று அட்டவணை சொல்கிறது என்று கொள்வோம். அளந்த மின்னழுத்தம் சரியாக நடுவில் 4.149 வோல்ட்டாக இருந்தால், விடை 97க்கும் 98க்கும் இடையில் அமையும். கணிதப் பாடத்தில் மாணவர்கள் கற்கும் விகிதக் கணக்குதான் இது.

மூன்றாம் வழியில், கெர்னல் இயங்கத் தொடங்கிய பிறகு தரவு கொடுக்கப்படுகிறது. லினக்ஸ் கெர்னல் சில கோப்புகளைச் சன்னல்கள் போலத் திறந்து வைத்திருக்கிறது. மின்னழுத்தம், மீதம் உள்ள விழுக்காடு போன்றவற்றை அவற்றின் வழியே செயலிகள் படித்தறியும். சில அளவுகளை அதே சன்னல் வழியாகக் கெர்னலுக்குள் எழுதவும் முடியும். ஆயினும், கண்டவர் எல்லாம் எழுத முடியாது. உரிய அனுமதி பெற்ற நிரல் மட்டுமே எழுதலாம். சில எண்ணும் சில்லுகள், மின்சாரம் அறுந்தவுடன் தாம் கற்றதை எல்லாம் மறந்துவிடும். அவை மீண்டும் விழிக்கும்போது, இயக்கிதான் மின்கலத்தின் தரவை மறுபடியும் அவற்றிடம் எழுதிவைக்க வேண்டும்.

தவறான தரவின் விலை

பேருந்து நிறுத்தத்தில் நடந்ததை இப்போது விளக்கிவிடலாம். அந்தக் கைப்பேசியின் பழைய மின்கலம் 4,000 மில்லிஆம்பியர்-மணி கொள்ளும். கடையில் பொருத்திய புதிய மின்கலம் 3,000 மட்டுமே கொள்ளும். மின்கலத்தை மாற்றிய கடைக்காரர் தரவை மாற்றவில்லை. கெர்னல் இன்னமும் 4,000 என்றே நம்பிக்கொண்டிருந்தது. முழுமையாக மின்னேற்றிய பிறகு, மாணவி பயன்படுத்தப் பயன்படுத்தக் கைப்பேசி எண்ணிக்கொண்டே வந்தது. 3,000 செலவானதும் மின்கலம் காலியாகிவிட்டது. கைப்பேசியின் கணக்கிலோ 4,000இல் 1,000 மீதம் இருந்தது. அதாவது, 25 விழுக்காடு. கணக்கில் ஒரு பிழையும் இல்லை. கணக்கின் தொடக்கத்தில் இருந்த எண்தான் பிழை.

பொய்யான விழுக்காடு ஒருவரை மழையில் நிற்க வைக்கும். வேறு சில தரவுகள் பிழையானால் விளைவு அதைவிடக் கடுமையாக இருக்கும். சில மின்கலங்களை 4.35 வோல்ட்வரை மின்னேற்றலாம். வேறு சிலவற்றை 4.2 வோல்ட்டோடு நிறுத்திவிட வேண்டும். 4.35 என்று எழுதப்பட்ட தரவைக் கொண்ட கைப்பேசியில் 4.2 வோல்ட் மின்கலத்தைப் பொருத்தினால், மென்பொருள் எல்லையைத் தாண்டி மின்னேற்றிக்கொண்டே போகும். பாதுகாப்புச் சுற்று தடுக்காவிட்டால், மின்கலம் சூடாகி உப்பும், தீப்பற்றவும் கூடும்.

இந்த ஆபத்தை லினக்ஸ் கெர்னலை உருவாக்குவோர் நன்கு உணர்ந்திருக்கிறார்கள். எளிதாகக் கழற்றி வேறு வகை மின்கலத்தைப் பொருத்தக்கூடிய கருவி என்றால், அதன் பொதுவான சாதன மரத்தில் மின்கலத் தரவை எழுதக்கூடாது என்று கெர்னலின் ஆவணம் அறிவுறுத்துகிறது. மின்கலம் மாறி, தரவு மாறாமல் இருந்தால் கேடு விளையலாம் என்பதே அதற்கு அது கூறும் காரணம். சில கைப்பேசி நிறுவனங்கள் வேறொரு வழியைக் கையாண்டன. மின்கலத்தில் கூடுதலாக ஒரு முனையை வைத்து, அதனுள் குறிப்பிட்ட அளவுள்ள மின்தடையைப் பொருத்தின. கைப்பேசி அந்தத் தடையை அளந்து, வந்திருப்பது எந்த வகை மின்கலம் என்று அடையாளம் கண்டு, அதற்குரிய அட்டவணையைத் தேர்ந்தெடுக்கும்.

முதுமையும் ஒரு மாற்றமே

மின்கலத்தை மாற்றாமல் வைத்திருந்தாலும் தரவு மெல்ல மெல்லப் பழசாகிறது. பயன்படுத்தப் பயன்படுத்த மின்கலத்தின் கொள்ளளவு குறையும், உள்தடை கூடும். ஆகவே, கெர்னல் இரண்டு எண்களைத் தனித்தனியாக வைத்துக்கொள்ளும். ஒன்று, தொழிற்சாலையில் வடிவமைத்த கொள்ளளவு. மற்றொன்று, இன்றைய முழுக் கொள்ளளவு. முதல் எண் 4,000, இரண்டாம் எண் 3,200 என்றால், மின்கலத்தின் நலம் 80 விழுக்காடு என்று சொல்லலாம்.

இன்றைய கொள்ளளவை எண்ணும் சில்லு தானே கற்றுக்கொள்ளும். நிரம்பிய நிலையிலிருந்து ஏறக்குறையக் காலியாகும்வரை எவ்வளவு மின்சாரம் வெளியேறியது என்று எண்ணினால், புதிய கொள்ளளவு அதற்குப் புரிந்துவிடும். புதிய மின்கலம் பொருத்திய பிறகு ஒருமுறை முழுமையாக மின்னேற்றி, தீரும்வரை பயன்படுத்திப் பார்க்கச் சொல்வது இதற்காகவே. ஆனால், இப்படிச் செய்தால் மின்கலம் வலுப்பெறும் என்று சிலர் நினைக்கிறார்கள். அது தவறு. அளவுத்திருத்தம் மின்கலத்தின் கொள்ளளவை ஒரு துளியும் கூட்டாது. திரையில் தெரியும் எண்ணை மட்டுமே உண்மைக்கு அருகில் கொண்டுவரும். அடிக்கடி முற்றிலும் காலியாக விடுவது லித்தியம் அயனி மின்கலத்திற்குக் கெடுதலும்கூட.

பழைய கைப்பேசிக்கும் வாழ்வு

கைப்பேசிகளைப் பல ஆண்டுகள் பயன்படுத்த விரும்புவோருக்கு இந்தத் தரவு இன்றியமையாதது. நிறுவனங்கள் கைவிட்ட பழைய கைப்பேசிகளுக்குப் புதிய லினக்ஸ் கெர்னலைக் கொண்டுவரும் முயற்சிகள் உலகில் நடந்துவருகின்றன. 2017ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ் என்னும் திட்டம் அவற்றுள் ஒன்று. ஒரு கைப்பேசி பத்து ஆண்டுகளாவது உழைக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். இத்தகைய பணியில் ஈடுபடும் தன்னார்வலர்கள், புதிய கெர்னல் ஓடத் தொடங்கியதும் வேலை முடிந்ததாகக் கருதுவதில்லை. நிறுவனத்தின் பழைய மென்பொருளுக்குள் புதைந்து கிடக்கும் மின்கல அட்டவணையைத் தேடி எடுக்கிறார்கள். அது கிடைக்காவிட்டால், மின்கலத்தை மெதுவாகத் தீர்த்துத் தாமே அளந்து எழுதுகிறார்கள். அந்தச் சில வரி எண்கள் இல்லாவிட்டால், உயிர்பெற்ற கைப்பேசியைப் பையில் போட்டுக்கொண்டு நம்பிக்கையோடு வெளியே செல்ல முடியாது.

ஐரோப்பிய ஒன்றியம் 2023ஆம் ஆண்டில் நிறைவேற்றிய சட்டத்தின்படி, 2027 பிப்ரவரி முதல் அங்கு விற்கப்படும் கருவிகளின் மின்கலங்களைப் பயனரே கழற்றி மாற்றும்படி அமைக்க வேண்டும். இதற்குச் சில விதிவிலக்குகளும் உண்டு. பழுதைச் சரிசெய்து பயன்படுத்தும் பழக்கம் வளர இது துணைபுரியும். மின்கலத்தை மாற்றுவது எளிதாகும்போது, அதன் தரவையும் சரியாக மாற்றும் பொறுப்பு கூடவே வருகிறது. பொருளை மாற்றுவதோடு வேலை பாதிதான் முடியும். அந்தப் பொருளைப் பற்றிய உண்மையையும் உரிய இடத்தில் சேர்த்தால்தான் அது முழுமையடையும்.

"ஆற்றில் போட்டாலும் அளந்து போடு" என்பது முன்னோர் மொழி. பேருந்து நிறுத்தத்தில் நின்ற அந்த மாணவி, தோழியின் கைப்பேசியை வாங்கித் தந்தையை அழைத்து, நனைந்தபடியே வீடு போய்ச் சேர்ந்தாள். மறுநாள் அவள் கடைக்குச் சென்றபோது, மின்கலம் பழுது என்று சண்டையிடவில்லை. "அண்ணா, இந்த மின்கலம் எவ்வளவு கொள்ளும்? அது இந்தக் கைப்பேசிக்குத் தெரியுமா?" என்று கேட்டாள். கடைக்காரர் ஒரு கணம் யோசித்தார். பிறகு, அந்தக் கைப்பேசியை எடுத்துக் கணினியோடு இணைத்தார்.